பல்கலைக்கழக மேடையும் நம் வரலாறும்

மேடைப் பேச்சு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. மீலாது விழா என்றால் இஷாத் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு நள்ளிரவு வரை உரை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தமிழகத்திலிருந்து ஒரு நல்ல பேச்சாளர் வந்துவிட்டால் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்த பெரியவர்களை நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்த மேடைகளைப் பற்றி இம்மலரில் எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் உண்டு. நான் எழுத விரும்புவது, நம் வீடுகளிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருந்தும் நம்மில் மிகச் சிலரே படியேறிய இன்னொரு மேடையைப் பற்றி. அது பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவு மேடை.

வரலாறு, இலக்கியம், மெய்யியல், மொழி, சமயம், சமூகவியல் முதலிய கலைத்துறைகளில் பல்கலைக்கழகங்கள் ஆண்டு முழுவதும் பொதுமக்களுக்காக உரைகள் நடத்துகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. கேட்க வருபவரிடம் பட்டமும் கேட்பதில்லை. ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசுவார். அல்லது மூன்று நான்கு அறிஞர்கள் ஒரு நெறியாளருடன் அமர்ந்து ஒரே பொருளைப் பல கோணங்களில் விவாதிப்பார்கள். முடிவில் கேள்வி நேரம். புதிதாகப் பேராசிரியர் பதவி பெற்றவர் தம் துறையின் முதன்மையான சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரறியப் பேசும் பதவியேற்புச் சொற்பொழிவும் உண்டு. மலாய்மொழியில் சொற்பொழிவை 'சியாரஹான்' என்கிறோம். மதரஸாவில் ஓதியவர்கள் இச்சொல்லை உடனே இனங்கண்டுகொள்வார்கள். கிதாபுகளுக்கு எழுதப்படும் விளக்கவுரையாகிய 'ஷரஹ்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே அது.

"டாக்டருக்கும் அக்கவுண்டன்டுக்கும் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இந்த நாட்டு வரலாற்றில் நமக்கு எந்த இடம் என்பது அந்த மேடைகளில்தான் பேசப்படுகிறது. அங்கே பேசப்பட்டது கட்டுரையாகி, நூலாகி, பல ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹல்காவும் அரங்கேற்றமும்

அறிஞர் பேச, ஊரார் கூடிக் கேட்டு, கேள்வியும் கேட்கும் வழக்கம் மேற்கிலிருந்து நாம் இரவல் வாங்கியதன்று. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பள்ளியில் தூணுக்குத் தூண் ஆசிரியர் அமர்ந்திருக்க, அவரைச் சுற்றி மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அந்த வட்டத்துக்கே ஹல்கா என்று பெயர். பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் இமாம் கஸ்ஸாலி அவர்கள் பாடம் நடத்தியபோது முந்நூறு மாணவர்கள் கேட்டதாக அவர்களே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு நிகரானது அரங்கேற்றம். ஒரு புலவர் நூல் எழுதிவிட்டால் மட்டும் போதாது. கற்றோர் கூடிய அவையில் அதைப் படித்து, எழும் தடைகளுக்கெல்லாம் விடை சொன்ன பிறகே அது நூலாக ஏற்கப்படும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் பரங்கிப்பேட்டையில் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி.

அதற்கும் முற்பட்டது வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்நூலே இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களில் மிகப் பழமையானது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதன் அமைப்பே கேள்வியும் பதிலும்தான். மதீனாவின் யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, விடைகளால் மனம் நிறைந்து இஸ்லாத்தைத் தழுவுவதாக அது செல்கிறது. இதே நூல் மலாயிலும் சாவகத்திலும் வேறு வேறு வடிவங்களில் உண்டு. மலாயில் அதன் பெயர் 'கிதாப் செரிபு மசாலா'. தமிழ், மலாய், சாவகம் ஆகிய மூன்று மொழி வடிவங்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்த ரோனித் ரிச்சி என்னும் அறிஞர் 2011இல் வெளியிட்ட நூல், தமிழகக் கரையும் மலாய்த் தீவுகளும் ஒரே அறிவுலகமாக இயங்கின என்பதை உலக ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு, நம் பழைய இலக்கியம் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

புக்கிட் தீமாவிலிருந்து பந்தாய் பள்ளத்தாக்குக்கு

நம் நாட்டின் முதல் பல்கலைக்கழகம் பிறந்தது சிங்கப்பூரில். ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கலைத்துறைகள் புக்கிட் தீமா வளாகத்தில் இயங்கின. தொடக்க ஆண்டுகளிலேயே மலாய், சீன மொழிகளுக்கும் பண்பாட்டுக்கும் துறைகள் அமைந்தன. இந்தியப் பண்பாட்டுக்கான துறை பற்றிய பேச்சு எழுந்தபோது ஒரு பெரும் கேள்வியும் உடன் எழுந்தது. அத்துறையில் எந்த மொழியைக் கற்பிப்பது?

ஆலோசனைக்காக அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். மலாயாவில் வாழ்ந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாயிருக்க, தமிழுக்கு இடமில்லாத ஓர் இந்தியத் துறையா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி தலைமையேற்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' இயக்கம் அப்போது பிறந்ததுதான். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் தங்களால் இயன்ற சிறு தொகைகளை அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். அப்பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்களாயிற்று. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் மொழியாகத் தமிழே அமைந்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. தம் பிள்ளைகள் அங்கே படிப்பார்களா என்றுகூடத் தெரியாதவர்கள், பல்கலைக்கழகத்தில் தங்கள் மொழிக்கு நாற்காலி இருக்கவேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். கல்வி என்றால் வேலை என்று மட்டும் அவர்கள் கணக்குப் போடவில்லை.

அக்காலப் பல்கலைக்கழக மேடை அமைதியான மேடையாகவும் இருக்கவில்லை. 1960 நவம்பரில் சிங்கப்பூர் வளாகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் டி. ஜே. என்ரைட் தம் பதவியேற்புச் சொற்பொழிவை நிகழ்த்தினார். பொருள் என்னவோ ராபர்ட் கிரேவ்ஸ் என்னும் கவிஞரைப் பற்றியதுதான். ஆனால் பேச்சின் தொடக்கத்தில், பண்பாட்டை அரசாங்கம் மேலிருந்து கட்டளையிட்டு உண்டாக்க முடியாது என்னும் பொருள்படச் சில சொற்களைச் சொன்னார். செய்தி நாளேட்டில் வந்ததும் அரசு அவரை அழைத்துக் கடுமையாக எச்சரித்தது. மாணவர்களோ கல்விச் சுதந்திரம் வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். ஒரு கவிதைச் சொற்பொழிவு நாட்டையே பேசவைத்த கதை அது. யார் சரி, யார் தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பல்கலைக்கழக மேடையில் சொல்லப்படும் சொல்லுக்குக் கனம் உண்டு என்பதை இரு தரப்புமே உணர்ந்திருந்தன.

1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று. 1962 முதல் கோலாலம்பூரில், பந்தாய் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கலாயிற்று. இந்திய ஆய்வியல் துறையும் கோலாலம்பூருக்கு வந்தது. அதன் தலைவராக 1961இல் பொறுப்பேற்ற தனிநாயக அடிகளார்தாம் துறையின் கதவுகளை உலகுக்குத் திறந்துவிட்டவர். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய அடிகளார் முன்னின்றார். 1966 ஏப்ரலில் அம்மன்றத்தின் முதல் மாநாடு நம் கோலாலம்பூரில் கூடியது. அதைத் தொடங்கிவைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அவர்கள். உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வந்த அறிஞர்கள் தமிழின் மொழி, இலக்கியம், வரலாறு, கலை பற்றிக் கட்டுரை படித்தனர். முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னைக்கோ மதுரைக்கோ முன்பாகக் கோலாலம்பூரில் நடந்தது என்று நம் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். 1987இல் ஆறாவது மாநாடும் 2015இல் ஒன்பதாவது மாநாடும் இதே நகரில் நடந்தன.

இஸ்லாமியத் தமிழிலக்கியமும் இதே காலத்தில்தான் பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெற்றது. இலங்கையின் பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்கள், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டையே தம் முதுகலை ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டவர். 1973இல் திருச்சியில் முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சி மாநாடு நடந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென்றே தனி இருக்கை ஏற்பட்டபோது உவைஸ் அவர்களே அதில் அமர்ந்தார்கள். பி. மு. அஜ்மல்கான் அவர்களுடன் இணைந்து அவர்கள் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக வெளிவந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பக்திக்காகப் பாடிய முனாஜாத்தும் கிஸ்ஸாவும் படைப்போரும் மசலாவும் தமிழிலக்கிய வரலாற்றின் பகுதி என்பதை அத்தகைய உழைப்பே நிலைநாட்டியது.

தீன் எந்த வழியாக வந்தது?

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் விவாதம் ஒன்று உண்டு. மலாய் உலகுக்கு இஸ்லாம் எங்கிருந்து, யார் மூலமாக வந்தது? இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அரபு நாடு, இந்தியா, சீனா என்று மூன்று கொள்கைகளை நம் பிள்ளைகள் படித்தார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வாதப் பிரதிவாதம் இருக்கிறது.

டச்சு அறிஞர் மொக்கெட் 1912இல், சுமத்திராவின் பாசாயிலும் சாவகத்தின் கிரெசிக்கிலும் உள்ள பழைய மீஸான் கற்கள் குஜராத்தின் காம்பே நகரக் கற்களை ஒத்திருப்பதைக் காட்டினார். ஆகவே இஸ்லாம் குஜராத்திலிருந்து வந்தது என்ற முடிவு வலுப்பெற்றது. 1951இல் மாரிசன் என்னும் ஆய்வாளர் இதை மறுத்தார். பாசாயின் முதல் முஸ்லிம் மன்னர் சுல்தான் மாலிக்குல் ஸாலிஹ் மறைந்தது ஹிஜ்ரி 696, அதாவது 1297இல். அந்த நேரத்தில் குஜராத் இன்னும் முஸ்லிம் ஆட்சிக்கு உட்படவில்லை. அப்படியானால் சோழமண்டலக் கரையைத்தான் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

அவருடைய வாதத்துக்குத் துணைநிற்கும் சான்றுகள் உண்டு. பாசாய் மன்னர்களின் கதையும் 'செஜாரா மெலாயு'வும், மக்காவிலிருந்து புறப்பட்ட கப்பல் வழியில் 'முஃதபர்' என்னும் நாட்டில் தங்கியதாகவும், அந்நாட்டு மன்னர் அரியணை துறந்து ஃபக்கீராகக் கப்பலேறி வந்ததாகவும் கூறுகின்றன. முஃதபர் என்பது அரபுப் பயணிகள் தமிழகக் கரைக்கு வழங்கிய மஃபர் என்ற பெயரின் திரிபு என்பது அறிஞர் கருத்து. பதினான்காம் நூற்றாண்டில் மஃபரையும் சமுத்திராவையும் நேரில் கண்ட இப்னு பதூதா, சமுத்திரா சுல்தான் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர் என்று எழுதிவைத்திருக்கிறார். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரைக்காயர்கள் ஷாஃபி, இராவுத்தர்கள் ஹனஃபி. நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில்கூட எழும் இந்த வேறுபாடு, கடல்கடந்த வரலாற்றுக்கு ஒரு சான்றாக நிற்கிறது.

இந்த விவாதத்தின் போக்கை மாற்றிய சொற்பொழிவு 1972 ஜனவரி 24ஆம் நாள் நிகழ்ந்தது. தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சையது முகம்மது நகீப் அல்-அத்தாஸ் தம் பதவியேற்புச் சொற்பொழிவை மலாய்மொழியில் நிகழ்த்தினார். 'மலாய் வரலாற்றிலும் பண்பாட்டிலும் இஸ்லாம்' என்பது பொருள். இஸ்லாம் மலாய் வாழ்வில் மேற்பூச்சாக ஒட்டிய ஒன்று என்று எழுதிவந்த காலனித்துவக் கால அறிஞர்களை அவர் மறுத்தார். மலாய் மக்களின் உலகப் பார்வையை மாற்றியதும், மலாய்மொழியை ஆழ்ந்த சிந்தனைக்கும் தர்க்கத்துக்கும் உரிய மொழியாக உயர்த்தியதும் இஸ்லாமே என்று அவர் நிறுவினார். அந்த உரை நூலாகி, ஒரு தலைமுறை மாணவர்களின் சிந்தனையைத் திருப்பியது.

முஸ்லிம்கள் என்ற முறையில் அந்த உரை நமக்குப் பெருமிதம் தருவது. ஆனால் தமிழ் முஸ்லிம்களாக நாம் சற்று நின்று யோசிக்கவேண்டிய இடமும் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் வெளியிட்ட தம் ஆய்வறிக்கையில், தீன் பரவியதில் இந்தியாவின் பங்கை அல்-அத்தாஸ் பெரிதும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார். இந்தியர் என்று சொல்லப்படும் அறிஞர்களும் மூலத்தில் அரபியரோ பாரசீகரோதாம். சமயத்தின் உள்ளடக்கம் அரபு நாட்டிலிருந்து வந்தது என்பது அவர் நிலைப்பாடு. இதைக் கேட்டு மனவருத்தப்பட்டுப் பயனில்லை. அறிஞர் ஒருவர் தம்மிடம் இருந்த ஏடுகளை வைத்து ஒரு முடிவு சொன்னார். மறுமொழி சொல்ல நம்மிடம் ஏடுகள் இருந்தனவா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஏனென்றால் இந்த மண்ணில் நம் தடம் சிறியதன்று. மலாக்காவின் பெந்தஹாரா துன் அலியும் அவர் மகன் துன் முத்தாஹிரும், இந்தியக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்னும் முஸ்லிமின் வழிவந்தவர்கள் என்று 'செஜாரா மெலாயு' சொல்கிறது. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி முன்ஷி அப்துல்லாவின் பாட்டனார் நாகூரிலிருந்து மலாக்கா வந்தவர். மலாக்கா வணிகத்துக்குத் தமிழ் தேவை என்பதால் அப்துல்லாவுக்குத் தமிழ் கற்பிக்கப்பட்டது என்பதை அவருடைய வரலாற்று நூலே கூறுகிறது.

பிறர் ஏட்டில் நம் முன்னோர்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1960களில் இந்திய வரலாறு கற்பித்தவர் சின்னப்பா அரசரத்தினம். இலங்கையிலிருந்து வந்த இப்பெருமகனார், சோழமண்டலக் கரையின் வணிகர்களை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து துணி ஏற்றிவந்து, கெடாவிலும் பேராக்கிலும் அச்சேயிலும் விற்று, ஈயமும் மிளகும் யானைகளும் ஏற்றிச்சென்ற சூலியா முஸ்லிம் வணிகர்களைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கெடா சுல்தான்களின் அரச வணிகராக, 'சௌடாகர் ராஜா'வாக, சூலியாக்கள் இருந்த செய்தியெல்லாம் அத்தகைய ஆய்வுகளால் வெளிச்சத்துக்கு வந்தவை.

அவர் இவற்றை எங்கே கண்டெடுத்தார்? பெரும்பகுதி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளில். நம் முன்னோரோடு போட்டியிட்ட கம்பெனிக்காரர்கள், எந்த நகுதாவின் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு என்ன சரக்குடன் வந்தது என்று விடாமல் குறித்துவைத்தார்கள். நம் மரைக்காயர்களும் நகுதாக்களும் கணக்கு எழுதாதவர்கள் அல்லர். அவர்கள் எழுதிய பேரேடுகள் நம்மிடம் தங்கவில்லை. போட்டியாளர் எழுதியவை தங்கின. ஆகவே நம் முன்னோரை இன்று பிறர் கண்ணால் பார்க்கிறோம்.

அச்சுக் காலத்திலும் இதே கதைதான். சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களில் இன்று அறியப்படும் மிகப் பழையது, நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு'. ஆண்டு 1872. அதைப் பார்க்க விரும்பிய ஆய்வாளர்களுக்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகமே வழிகாட்டியது. 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கைநேசன்' வார இதழையும் அன்னியர் நூலகம் காத்துவைத்ததால்தான் இன்று படிக்க முடிகிறது. அவர்கள் காத்துவைத்ததற்கு நன்றி சொல்லுவோம். நம் வீட்டு அலமாரிகளில் அவற்றின் பிரதி ஒன்றுகூட ஏன் இல்லை என்றும் கேட்டுக்கொள்ளுவோம்.

ஏடுகள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பினாங்கு ஜாவி பெரானாக்கான் சமுதாயத்தைப் பற்றி ஹெலன் ஃபுஜிமோத்தோ 1988இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த சூலியாக்களின் வரலாற்றை கூ சல்மா நசூத்தியோன் 2014இல் விரிவான நூலாக்கினார். ஆவணங்களும் குடும்பங்களின் நினைவுகளும் பழைய படங்களும் சேர்ந்தபோது, தெருப்பெயராக மட்டும் எஞ்சியிருந்த ஒரு சமுதாயம் ஊரும் உறவும் வக்ஃபும் உள்ள மக்களாக எழுந்து வந்தது.

நான் தூக்காத கை

சில ஆண்டுகளுக்கு முன், பழைய வணிகக் குடும்பங்களைப் பற்றிய ஒரு பல்கலைக்கழக உரைக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் போனேன். மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்திருப்போம். தலையில் தொப்பியோடு நான் ஒருவன்தான். இளம் ஆய்வாளர் ஒருவர் பேசினார். திரையில் பழைய நிலப்பத்திரம் ஒன்றின் படம் வந்தது. ஆங்கிலப் பகுதியை வரிவரியாக விளக்கியவர், அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, "இது உள்ளூர் மொழிக் கையெழுத்து, யாரென்று தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அது தமிழ். கோணலும் மாணலுமாக இருந்தாலும் என் இருக்கையிலிருந்தே படிக்க முடிந்தது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் போட்டு, கடைசியில் 'மரைக்காயர்' என்று முடிந்திருந்தது. கேள்வி நேரம் வந்தது. பேராசிரியர்கள் கேட்டார்கள், மாணவர்கள் கேட்டார்கள். என் கை மடியிலேயே இருந்தது. படித்தவர்கள் கூடிய சபையில் கடைக்காரனுக்கு என்ன பேச்சு என்ற கூச்சம்தான் காரணம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையெழுத்து கண்முன் நின்றது. அந்த மனிதர் தம் பெயரைத் தெளிவாகத்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் படிக்கத் தெரிந்தவன் வாய்திறக்காததால் அன்றும் அவர் பெயரற்றவராகவே இருந்தார்.

மறுவாரம் ஆய்வாளரைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இப்படித் தம்மிடம் இன்னும் பல கையெழுத்துகள் இருப்பதாகச் சொன்னவர், "உங்கள் சமூகத்துக் குடும்பங்களிடம் பழைய கணக்கேடுகள் ஏதும் இருக்குமா?" என்று கேட்டார். நம் உறவினர்கள், பழைய கடைக்காரர்கள் என்று விசாரித்தேன். ஒரு வீட்டில் மூன்று தலைமுறைப் பேரேடுகள் இருந்தனவாம். வீடு மாறும்போது இடமில்லாமல், 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எடைக்குக் கிடைத்த காசு எவ்வளவு என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. என் தகப்பனாரின் கடைக் குறிப்பேடு எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியாது.

இனிச் செய்யத்தக்கவை

பொன்விழாக் காணும் நம் சங்கக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, போய்க் கேளுங்கள். பொதுச் சொற்பொழிவு அறிவிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போய் உட்காரலாம். எல்லாம் புரியவேண்டும் என்பதில்லை. மீலாது மேடையில் பாதித் தூக்கத்தில் கேட்டதுதானே நமக்கும் பிற்காலத்தில் புரிந்தது?

இரண்டாவது, வீட்டிலுள்ளதைக் காத்துவையுங்கள். கடைப் பேரேடு, பழைய பாஸ்போர்ட், ரஜுலா, சிதம்பரம் கப்பல்களில் வந்த பயணச்சீட்டு, நிக்காஹ் பதிவு, வக்ஃபுப் பத்திரம், ஊரிலிருந்து வந்த கடிதம், விழா நோட்டீஸ் எதுவானாலும் வீசிவிடாதீர்கள். குறிப்பாக நம் வீட்டுப் பெண்களின் பெட்டிகளைப் பாருங்கள். பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும், கைப்பட எழுதிவைத்த முனாஜாத்துகளும், தாலாட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அரபு எழுத்தில் மலாயை எழுதிய ஜாவியைப் பல்கலைக்கழகங்கள் போற்றிப் பாதுகாக்கின்றன. அதன் உடன்பிறப்பான அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். படங்களின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள்.

மூன்றாவது, சங்கத்துக்கு. நம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்காவது வரலாறோ தமிழோ மலாய் இலக்கியமோ படிக்க உதவித்தொகை ஒதுக்கலாம். பல்கலைக்கழகத் துறை ஒன்றோடு இணைந்து ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தலாம். பேசுவதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். இடம் கொடுக்கப் பல்கலைக்கழகம் தயங்காது. சில்லறைக் காசு சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூலகம் தந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அவர்களைவிட நம்மிடம் வசதி அதிகம்.

அந்த நிலப்பத்திரத்தைக் காட்டிய ஆய்வாளர் அடுத்த ஆண்டு மீண்டும் பேசினார். அதே படம் திரையில் வந்தது. இம்முறை கையெழுத்துக்கு உரியவரின் முழுப்பெயரையும் அவர் சரியாக உச்சரித்தார். கேள்வி நேரம் வந்தபோது நான் கை தூக்கினேன். மூன்று மொழிகளையும் கலந்துதான் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த பேத்தி மட்டும், "அத்தா, அந்த மரைக்காயர் நமக்குச் சொந்தமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். தேடிப் பார்க்கலாம் என்றாள்.

நம் முன்னோரின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவற்றை அறிந்து நம் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்லும் ஆற்றலை நமக்குத் தருவானாக. ஆமீன்.